ஒரு ஃபங்ஷன், இரண்டு பாயிண்டர்: வாசகர் கேள்வி – பதில்

சி மொழி பற்றி வந்த கடிதங்களில் பலவும் இந்தத் தடவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஒரு ஃபங்ஷனிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட பாயிண்டர்களை (மெமரியில் ஓர் இடத்தின் அட்ரஸை வைத்திருக்கும் மாறிகளை) எப்படித் திருப்பி வாங்குவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மெஷினில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாம்பரம், இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர்): சார், 60 பேருடைய மார்க் ஒரு அரேயில் இருக்கிறது. குறைந்த மார்க் எங்கே இருக்கிறது, அதிக மார்க் எங்கே இருக்கிறது என்று இரண்டு பாயிண்டர் வேண்டும். ‘ரிட்டர்ன் சி, பெ;’ என்று எழுதினேன் (‘சி’ சிறிய மார்க்கின் பாயிண்டர், ‘பெ’ பெரியதன் பாயிண்டர்). எர்ரர் எதுவும் வரவில்லை, ஆனால் எப்போதும் பெரிய மார்க்கின் அட்ரஸ் மட்டும்தான் வருகிறது. சி மொழியில் இரண்டைத் திருப்பவே முடியாதா?

பதில்: முடியும் தம்பி, ஆனால் கமா போட்டு முடியாது. நீங்கள் எழுதிய இடத்தில் கமா என்பது ஒரு ஆபரேட்டர். இடது பக்கம் இருப்பதைக் கணக்கிட்டு, அந்த மதிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, வலது பக்கம் இருப்பதை மட்டும் கையில் கொடுக்கும். அதனால்தான் ‘பெ’ மட்டும் வருகிறது. இலக்கணப்படி அது சரியான வரி என்பதால் கம்பைலருக்கு மறுக்கக் காரணம் இல்லை. ஆனால் ஜிசிசி கம்பைலரில் ‘டபிள்யூ-ஆல்’ ஆப்ஷன் போட்டுக் கம்பைல் செய்தால், கமாவுக்கு இடது பக்கம் எழுதியதால் ஒரு பயனும் இல்லை என்று எச்சரிக்கை வரும். அந்த ஆப்ஷன் இல்லாமல் கம்பைல் செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சி மொழியில் ஒரு ஃபங்ஷன் ஒரே ஒரு மதிப்பைத்தான் திருப்பும், அதில் மாற்றம் கிடையாது. ஆனால் அந்த ஒரு மதிப்பு, பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஸ்ட்ரக்டாக இருக்கலாம். அதற்குள் எத்தனை பாயிண்டர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்:

ஸ்ட்ரக்ட் ஜோடி {
  இன்ட் *சிறிது;
  இன்ட் *பெரிது;
};

இப்போது உங்கள் ஃபங்ஷனின் தலைப்பு ‘ஸ்ட்ரக்ட் ஜோடி தேடு(இன்ட் *அரே, இன்ட் அளவு)’ என்று ஆகிவிடும். உள்ளே ‘வி’ என்று ஒரு ஜோடியை அறிவித்து, முதலில் இரண்டு பாயிண்டரையும் அரேயின் முதல் உறுப்பைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் லூப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘அரே[ஐ]’ என்பது ‘*வி.சிறிது’ என்பதைவிடக் குறைவாக இருந்தால் ‘வி.சிறிது = அரே + ஐ;’ என்று மாற்றுங்கள். (புள்ளி, நட்சத்திரத்தைவிட முன்னுரிமை உள்ளது. அதனால் ‘*வி.சிறிது’ என்றாலே உள்ளிருக்கும் பாயிண்டர் காட்டும் மதிப்பு என்றுதான் அர்த்தம், அடைப்புக்குறி வேண்டாம்.) கடைசியில் ‘ரிட்டர்ன் வி;’. அளவு 0 என்று வந்தால் இரண்டையும் நல் (எதையும் காட்டாத பாயிண்டர்) ஆக்கி அனுப்பிவிடுங்கள், அழைத்தவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொரு வழியும் உண்டு. அழைப்பவரிடமிருந்தே இரண்டு பாயிண்டர்களின் அட்ரஸை வாங்கி அதில் எழுதிவிடுவது: ‘வாய்ட் தேடு(இன்ட் *அரே, இன்ட் அளவு, இன்ட் **சிறிது, இன்ட் **பெரிது)’. அழைக்கும்போது ‘தேடு(மார்க், 60, &சி, &பெ);’ என்று எழுத வேண்டும்.

எது நல்லது என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டும் எப்போதும் சேர்ந்தே பயன்படும் என்றால், உங்கள் கணக்கில் இருப்பதுபோல, நான் ஸ்ட்ரக்ட்தான் எழுதுவேன். படிப்பவருக்கு ‘வி.பெரிது’ என்று பெயரோடு தெரியும், யார் எதில் எழுதினார் என்று தேட வேண்டியதில்லை. வேலை நடந்ததா இல்லையா என்றும் சொல்ல வேண்டிய ஃபங்ஷன் என்றால், ரிட்டர்ன் மதிப்பை அதற்கு ஒதுக்கிவிட்டு பாயிண்டர்களை இரட்டை நட்சத்திர வழியில் அனுப்புவது வசதி.

உங்கள் கணக்கில் ஒரு நல்ல விஷயம் தானாகவே அமைந்திருக்கிறது. நீங்கள் திருப்பும் இரண்டு பாயிண்டரும் அழைத்தவருடைய அரேக்குள்ளேயே இருக்கும் இடங்களைத்தான் காட்டுகின்றன. புதிதாக மெமரி எதுவும் வாங்கவில்லை, அதனால் யாரும் எதையும் விடுவிக்க வேண்டியதில்லை. எல்லா ஃபங்ஷனுக்கும் இந்தச் சலுகை கிடைக்காது. எந்த மெமரி யாருடையது, அது எதுவரை உயிரோடு இருக்கும் என்பதுதான் இந்த விஷயத்தில் கஷ்டமான பகுதி. இரண்டு பாயிண்டரைத் திருப்பும் இலக்கணத்தை ஒரு மதிய நேரத்தில் கற்றுவிடலாம்.

கேள்வி (வில்லிவாக்கம், பாலிடெக்னிக் மாணவி): ஃபங்ஷனுக்குள் மாலாக் செய்து (அதாவது புதிதாக மெமரி வாங்கி) பாயிண்டரில் வைத்தால் வெளியே வரவே மாட்டேன் என்கிறது. ‘இன்ட் *’ என்று அனுப்பினால் போதாதா? ஏன் இரண்டு நட்சத்திரம்? மேடம் விளக்கினார், எனக்குத்தான் பிடிபடவில்லை.

பதில்: அட்ரஸ்களை எண்ணாகப் போட்டுப் பார்த்துவிட்டால் இது ஒரு தடவையோடு முடிந்துவிடும். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெயினில் ‘ப’ என்று ஒரு பாயிண்டர். அது மெமரியில் 1000 என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் இருக்கும் மதிப்பு 0, அதாவது நல். இப்போது ‘வாங்கு(ப);’ என்று அழைக்கிறீர்கள். சி மொழி எந்த ஆர்குமென்டையும் காப்பி எடுத்துத்தான் அனுப்பும், பாயிண்டரும் அதற்கு விலக்கு இல்லை. ஆகவே ஃபங்ஷனுக்குச் சொந்தமாக 2000 என்ற இடத்தில் ஒரு புதுப் பாயிண்டர் உருவாகிறது, அதில் 0 காப்பி ஆகிறது. உள்ளே மாலாக் அழைக்கிறீர்கள், அது 5000 என்று ஒரு அட்ரஸைத் தருகிறது. அதை எங்கே எழுதினீர்கள்? 2000-ல். ஃபங்ஷன் முடிந்தது, 2000 போய்விட்டது. 1000-ல் இன்னும் 0 தான். இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது: 5000-ல் வாங்கிய மெமரியின் அட்ரஸ் இப்போது யார் கையிலும் இல்லை, அதை விடுவிக்கவும் முடியாது.

இப்போது ‘வாங்கு(&ப);’ என்று அழையுங்கள். காப்பி ஆவது 1000 என்ற எண். ஃபங்ஷனுக்குள் அதன் பெயர் ‘பப’ என்றால், அதன் வகை ‘இன்ட் **’. ஒரு பாயிண்டரின் அட்ரஸ் என்பதால்தான் இரண்டு நட்சத்திரம், வேறு மாயம் எதுவும் இல்லை. ‘*பப = மாலாக்(...)’ என்று எழுதினால், 1000 என்ற இடத்துக்குப் போய் அங்கே 5000 என்று எழுதப்படுகிறது. ஃபங்ஷன் முடிந்த பிறகும் அது அங்கேயே இருக்கும், ஏனென்றால் 1000 மெயினுடைய இடம். சாம்பார் வாங்கக் கடைக்கு நம் வீட்டுத் தூக்கையே கொண்டுபோவதுபோல. கடைக்காரர் அதில் ஊற்றினால்தான் வீட்டுக்கு வரும், அவருடைய பாத்திரத்திலேயே ஊற்றி வைத்துக்கொண்டால் நமக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு பாயிண்டர் வேண்டுமென்றால் இரண்டு தூக்கு. அவ்வளவுதான்.

கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை. ‘இன்ட் *ப, க;’ என்று அறிவித்தால் ‘ப’ மட்டும்தான் பாயிண்டர், ‘க’ வெறும் இன்ட். இரண்டும் பாயிண்டராக வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனியே நட்சத்திரம் வைக்க வேண்டும். ‘&க’ அனுப்பிவிட்டு வகை பொருந்தவில்லை என்று எச்சரிக்கையோ எர்ரரோ வந்தால் முதலில் இந்த வரியைத்தான் பாருங்கள்.

கேள்வி (சோழிங்கநல்லூர், மென்பொருள் நிறுவன ஊழியர்): ஸ்ட்ரக்டை அப்படியே ரிட்டர்ன் செய்தால் முழுவதும் காப்பி ஆகும், மெதுவாகிவிடும், அதனால் எப்போதும் பாயிண்டர் ஆர்குமென்ட் வழிதான் என்று டீமில் ஒரு விதியே வைத்திருக்கிறார்கள். இது சரியா?

பதில்: இரண்டு பாயிண்டர் கொண்ட ஸ்ட்ரக்டுக்கு, 64 பிட் லினக்ஸ் மெஷினில், சரியில்லை. அங்கே ஒரு பாயிண்டர் 8 பைட், இரண்டு சேர்ந்து 16 பைட். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கு லினக்ஸ் பின்பற்றும் அழைப்பு விதிமுறைப்படி 16 பைட் வரை உள்ள இப்படிப்பட்ட ஸ்ட்ரக்ட் மெமரிக்கே போவதில்லை. ஆர்ஏஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பு இடங்களில்) நேராகத் திரும்பி வந்துவிடும். இரட்டை நட்சத்திர வழியில் போனால்தான் அழைத்தவருடைய பாயிண்டர்கள் மெமரியில் உட்கார வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ரெஜிஸ்டருக்கு அட்ரஸ் கிடையாது. ஆக, மெதுவாகும் என்று சொல்லி ஒதுக்கிய வழிதான் இங்கே வேகமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். (கம்பைலர் ஃபங்ஷனை அழைத்த இடத்திலேயே விரித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாமலும் போகலாம்.)

மூன்று பாயிண்டர் வைத்தால் 24 பைட் ஆகிவிடும். அப்போது அழைப்பவர் தன்னிடம் ஒரு இடம் ஒதுக்கி, அதன் அட்ரஸைக் கண்ணுக்குத் தெரியாத முதல் ஆர்குமென்டாக அனுப்புவார், ஃபங்ஷன் அதில் எழுதும். கம்பைலரே உங்களுக்காகப் பாயிண்டர் ஆர்குமென்ட் வழியைச் செய்துகொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவும் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 64 பிட்டில் இந்த எல்லை 8 பைட்டிலேயே வந்துவிடும், 32 பிட் ஆர்ம் சிப்களில் 4 பைட். நீங்கள் எம்பெடட் வேலையில் இருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கட்டும், ஆனால் அளந்து பார்க்காமல் விதி போடாதீர்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார். 1978-ல் அவரும் பிரையன் கெர்னிகனும் எழுதிய புத்தகம் வந்தபோது, அதில் விவரித்த மொழியில் ஸ்ட்ரக்டை மொத்தமாக ஃபங்ஷனுக்கு அனுப்பவும் முடியாது, திருப்பவும் முடியாது. அட்ரஸைத்தான் அனுப்பியாக வேண்டும். அதன் பிறகு அந்தத் தடை நீங்கி, 1989-ல் வந்த ஆன்சி தரத்திலேயே ஸ்ட்ரக்ட் ரிட்டர்ன் முறைப்படி இடம்பெற்றுவிட்டது. தடை போய் இத்தனை காலம் ஆகியும் பழக்கம் மட்டும் ஒரு சீனியரிடமிருந்து இன்னொரு ஜூனியருக்கு என்று வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் டீமில் பேசிப் பாருங்கள். கம்பைலர் தரும் அசெம்பிளி வெளியீட்டை எடுத்துக் காட்டினால் யாரும் வாதாட மாட்டார்கள்.

கேள்வி (அண்ணா நகர், பிளஸ் டூ மாணவர்): பைத்தானில் ‘ரிட்டர்ன் அ, ஆ’ என்றால் இரண்டும் வருகிறதே, அது எப்படி?

பதில்: அங்கேயும் ஒன்றுதான் வருகிறது. அந்தக் கமா ஒரு டியூப்பிளை (பல மதிப்புகளை வரிசையாகக் கட்டிய ஒரே பொருளை) உருவாக்குகிறது, அந்த ஒரு டியூப்பிள்தான் திரும்புகிறது. வாங்குகிற இடத்தில் அது பிரிக்கப்படுகிறது. சி மொழியில் ஸ்ட்ரக்டை நாமே எழுதுகிறோம், அங்கே மொழி எழுதிக்கொள்கிறது. கோ மொழியில்தான் உண்மையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளைத் திருப்ப மொழியே வழி வைத்திருக்கிறது.

கேள்வி (பெரம்பூர், கணினி அறிவியல் மாணவர்): ஃபங்ஷனுக்குள் இரண்டு அரே அறிவித்து, நிரப்பி, இரண்டின் அட்ரஸையும் ஸ்ட்ரக்டில் வைத்துத் திருப்பினேன். ஒரு பிரின்ட்எஃப் போட்டால் சரியாக வருகிறது, இரண்டாவது பிரின்ட்எஃப் போட்டால் குப்பையாக வருகிறது. காலேஜ் லேப்பில் டர்போ சி, அங்கே இரண்டுமே சரியாக வந்தது. எது உண்மை?

பதில்: குப்பை வருகிறதே, அதுதான் உண்மையைச் சொல்கிறது. ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண அரே, ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் அதற்கு ஒதுக்கப்படும் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் இருக்கும், ஃபங்ஷன் முடிந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடும். அட்ரஸ் அப்படியே இருக்கிறது, அந்த இடத்தில் பழைய எண்கள்கூடக் கொஞ்ச நேரம் அழியாமல் கிடக்கலாம், ஆனால் அது இனி உங்களுடையது இல்லை. முதல் பிரின்ட்எஃப் வேலை செய்ய அதே ஸ்டாக் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, உங்கள் எண்களின் மேலேயே தன்னுடையதை எழுதிவிடுகிறது. அதனால் இரண்டாவது தடவை குப்பை. டர்போ சி-யில் சரியாக வந்தது தற்செயல். இப்படிப்பட்ட நிரலுக்கு சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

லோக்கல் அரேயை நேரடியாக ரிட்டர்ன் செய்தால் ஜிசிசி எச்சரிக்கும். ஸ்ட்ரக்டுக்குள் வைத்து அனுப்பினால் அந்த எச்சரிக்கை வந்தே தீரும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டு பாயிண்டர் திருப்பும்போது இந்தத் தவறு அதிகம் ஒளிந்துகொள்வது இதனால்தான். டர்போ சி 16 பிட் டாஸ் காலத்துக் கருவி, அதில் படிக்கச் சொல்லி இன்னும் மாணவர்களை வைத்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய லேப்டாப்பில்கூட லினக்ஸ் போட்டு ஜிசிசி ஓட்டலாம். வீட்டில் அதில் ஒரு முறை கம்பைல் செய்து பார்த்துவிட்டே லேப் ரெக்கார்டில் எழுதுங்கள்.

சரி, ஸ்டாட்டிக் போட்டால்? அரேக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டால் நிரல் முடியும்வரை அது இருக்கும், குப்பை வராது. ஆனால் எத்தனை தடவை அழைத்தாலும் ஒரே அரேதான். சி லைப்ரரியில் இருக்கும் லோக்கல்டைம் ஃபங்ஷன் இதற்கு நல்ல உதாரணம். நேற்றைய நேரத்துக்கு ஒருமுறை, இன்றைய நேரத்துக்கு ஒருமுறை அழைத்து இரண்டு பாயிண்டரையும் வைத்துக்கொண்டு அச்சிட்டுப் பாருங்கள், இரண்டிலும் இன்றுதான் வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. திரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) இருக்கிற நிரலில் இது இன்னும் ஆபத்து. அதனால்தான் அழைப்பவரே இடம் கொடுக்கும் ‘லோக்கல்டைம்_ஆர்’ என்ற இன்னொன்று யூனிக்ஸ் பக்கம் வந்தது.

மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய சொற்களை, அதாவது ஸ்டிரிங் லிட்டரல்களை, தாராளமாகத் திருப்பலாம். அவை நிரல் முழுக்க இருக்கும். அவற்றில் எழுதக் கூடாது, ஃப்ரீ செய்யவும் (மெமரியை விடுவிக்கவும்) கூடாது. மற்றபடி, அழைப்பவருக்குப் புதிதாக இரண்டு அரே வேண்டுமென்றால் ஒன்று அவரே கொடுக்க வேண்டும், இல்லை நீங்கள் மாலாக் செய்ய வேண்டும்.

கேள்வி (அடையாறு, வேலை தேடும் பட்டதாரி): ஒரு நேர்முகத் தேர்வில் ‘அடையாறு,600020’ என்று ஒரு வரி கொடுத்து, ஊரையும் பின்கோடையும் தனித்தனி ஸ்டிரிங்காகப் பிரித்து இரண்டு பாயிண்டராகத் திருப்பச் சொன்னார்கள். இரண்டு மாலாக், இரண்டு காப்பி என்று எழுதிக் கொடுத்தேன். ஓடியது. ஆனால் ‘இரண்டாவது மாலாக் தோற்றால்?’ என்று கேட்டபோது பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒரு பாயிண்டர் திருப்பும் ஃபங்ஷனில் இந்தச் சிக்கல் இல்லை: மாலாக் தந்தால் உண்டு, தராவிட்டால் நல். இரண்டு என்று வந்தவுடன் பாதி கிடைத்து பாதி கிடைக்காத ஒரு நிலை வருகிறது. முதல் மாலாக் வெற்றி, இரண்டாவது தோல்வி. அந்த நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிட்டால், முதலில் வாங்கியது யாருடைய பொறுப்பு? அழைத்தவர், தோற்றுவிட்டது என்றுதானே கேள்விப்பட்டார், அவர் எதை விடுவிப்பார்?

ஆகவே விதி இப்படி இருக்கட்டும்: இரண்டும் கிடைக்கும், இல்லை ஒன்றும் கிடைக்காது. ஃபங்ஷன் ஒரு இன்ட் திருப்பட்டும், 0 என்றால் வெற்றி, -1 என்றால் தோல்வி. உள்ளே முதலில் லோக்கல் பாயிண்டர்களில் வாங்குங்கள். கமா இல்லையா, -1. முதல் மாலாக் தோற்றதா, -1. இரண்டாவது தோற்றதா, முதலில் வாங்கியதை ஃப்ரீ செய்துவிட்டு -1. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, கடைசி இரண்டு வரியில்தான் ‘*ஊர்_வெளி = ஊர்; *பின்_வெளி = பின்;’ என்று அழைத்தவருடைய பாயிண்டர்களைத் தொட வேண்டும். தோற்றுப்போனால் அழைத்தவரின் பாயிண்டர்களில் என்ன இருந்ததோ அது அப்படியே இருக்கும். அழைப்பவரும் தன் பக்கத்தில் இரண்டையும் நல் என்று வைத்து ஆரம்பித்தால், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஃப்ரீ செய்யலாம். நல்லை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது என்று மொழியின் தரத்திலேயே இருக்கிறது.

இது ஒழுங்கான பதில். இதைவிட நல்ல பதில் ஒன்று இருக்கிறது, பைட்களை எண்ணிப் பார்த்தால் தானாகவே தெரியும்.

‘அடையாறு’ பார்க்க நான்கு எழுத்து. யூனிகோடில் அ, ட, ஐகாரக் குறி, ய, கால், ற, உகரக் குறி என்று ஏழு குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொன்றும் 3 பைட். மொத்தம் 21. ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் எழுத்தை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும், அதனால் 21 என்றுதான் சொல்லும் (தமிழ் ஸ்டிரிங்குக்கு நான்கு, ஐந்து பைட் ஒதுக்கிவிட்டு நிரல் விழுகிறது என்று எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள்). முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு ஒன்று சேர்த்தால் ஊருக்கு 22. பின்கோடுக்கு 6, பூஜ்யத்தோடு 7. இரண்டும் சேர்ந்து 29.

இப்போது மூல வரியை எண்ணுங்கள். ஊர் 21, கமா 1, பின்கோடு 6, பூஜ்யம் 1. அதுவும் 29! கமா உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பைட்டில்தான் ஊரின் பூஜ்யம் வந்து உட்காரப் போகிறது. அப்படியென்றால் இரண்டு மாலாக் எதற்கு? முழு வரியையும் ஸ்ட்ர்டப் ஃபங்ஷனால் ஒரே அடியாகக் காப்பி எடுங்கள், காப்பியில் கமாவைத் தேடி அங்கே பூஜ்யம் வையுங்கள். முதல் பாயிண்டர் காப்பியின் தொடக்கம், இரண்டாவது பாயிண்டர் கமாவுக்கு அடுத்த இடம், அதாவது தொடக்கத்திலிருந்து 22 பைட் தள்ளி. பாயிண்டர் இரண்டு, மெமரி ஒன்று. மெமரி கேட்பது ஒரே இடத்தில் என்பதால் அது தோற்பதும் ஒரே இடத்தில்தான். விடுவிப்பதும் ஒரே ஒரு ஃப்ரீ. பாதி கிடைத்த நிலை என்பதே இல்லாமல் போய்விட்டது. (கமா இல்லையென்றால் முதலிலேயே மூல வரியில் தேடிவிட்டு -1 திருப்பிவிடுங்கள், காப்பி எடுத்த பிறகு தேடினால் அந்தக் காப்பியை ஃப்ரீ செய்ய மறக்கக் கூடாது.) ஸ்ட்ர்டப் யூனிக்ஸ் உலகில் வெகு காலமாக இருப்பது, சி மொழியின் தரத்துக்குள் சி23-ல்தான் வந்தது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை ஃபங்ஷனுக்கு மேலே கமென்டில் எழுதியே ஆக வேண்டும்: ஊர் பாயிண்டரை மட்டும் ஃப்ரீ செய்யவும், பின்கோடு பாயிண்டரைத் தொட வேண்டாம். அது மாலாக் தந்த அட்ரஸ் இல்லை, நடுவிலிருக்கும் இடம். அதை ஃப்ரீக்குக் கொடுத்தால் லினக்ஸில் பெரும்பாலும் செல்லாத பாயிண்டர் என்று சொல்லி நிரலை அங்கேயே நிறுத்திவிடும். ஊரை ஃப்ரீ செய்துவிட்டுப் பின்கோடை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே போய்விடும். பின்கோடு நீண்ட நாள் வேண்டும், ஊர் உடனே போகலாம் என்ற நிலை உங்கள் நிரலில் இருந்தால் மட்டும் பழைய இரண்டு மாலாக் வழிக்கே போங்கள்.

கமென்டை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தோன்றினால், விடுவிப்பதற்கும் நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெரிய லைப்ரரிகள் அப்படித்தான் செய்கின்றன. நெட்வொர்க் நிரல்களில் வரும் கெட்அட்ர்இன்ஃபோ ஃபங்ஷன், ஓர் அட்ரஸ் பட்டியலை இரட்டை நட்சத்திர ஆர்குமென்ட் வழியாகத் தரும், ரிட்டர்ன் மதிப்பில் எர்ரர் எண்ணைச் சொல்லும், விடுவிக்க ஃப்ரீஅட்ர்இன்ஃபோ என்று தனியாக ஒன்றைக் கொடுக்கும். உள்ளே எத்தனை மாலாக் இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுதி முடித்ததும், மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவியான வால்கிரைண்டில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், விடுபட்ட மெமரி ஒரு பைட் என்றாலும் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி (குரோம்பேட்டை வாசகர்): எல்லா வகைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ‘வாய்ட் **’ வாங்கும் ஃபங்ஷன் எழுதினேன். ‘இன்ட் *’ அட்ரஸை அனுப்பினால் எச்சரிக்கை. காஸ்ட் செய்தால் (வகையைக் கட்டாயமாக மாற்றி எழுதினால்) எச்சரிக்கை போய்விடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். ‘வாய்ட் *’ எந்த வகைப் பாயிண்டராகவும் மாறிக்கொள்ளும். அந்தச் சலுகை ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும்தான், ‘வாய்ட் **’ என்பதற்குக் கிடையாது. காஸ்ட் செய்தால் கம்பைலரின் வாயை அடைக்கிறீர்கள், விதி மீறல் அப்படியேதான் இருக்கிறது, ஆப்டிமைசேஷன் கூடும்போது விபரீதமாக நடக்கலாம். ‘வாய்ட் *த;’ என்று ஒன்றை அறிவித்து, ‘&த’ அனுப்பி, திரும்பி வந்ததும் ‘ப = த;’ என்று எழுதுங்கள். ஒரு வரி கூடுகிறது, அவ்வளவே.

கேள்வி (மாதவரம், மாணவி): இரண்டு இல்லை, எத்தனை பாயிண்டர் என்றே முன்கூட்டித் தெரியாது என்றால்?

பதில்: பாயிண்டர்களின் அரே ஒன்றை மாலாக் செய்து, அதன் தொடக்கத்தைத் திருப்புங்கள். எத்தனை என்று சொல்ல இரண்டு வழி: எண்ணிக்கையைத் தனியாக ஸ்ட்ரக்டில் சேர்த்து அனுப்பலாம், இல்லை கடைசியில் ஒரு நல் வைக்கலாம். மெயினுக்கு வரும் ஆர்க்வி (நிரலை ஓட்டும்போது தட்டிய சொற்களின் பாயிண்டர் அரே) அப்படித்தான் நல்லில் முடிகிறது, ஆர்க்சி என்ற எண்ணிக்கையும் கூடவே வருகிறது. விடுவிக்கும்போது முதலில் ஒவ்வொரு பாயிண்டரும், அப்புறம் அரே. வரிசையை மாற்றினால் ஏற்கெனவே விடுவித்த மெமரியைப் படிக்க வேண்டி வரும்.

கேள்வி (வேளச்சேரி, மூன்றாம் ஆண்டு மாணவர்): அடுத்த வாரம் லேப் தேர்வு. வைவாவில், ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இரண்டு விடை தரும் ஃபங்ஷன் எதையாவது சொல்லு என்று எக்ஸ்டர்னல் கேட்பாராம். எதைச் சொல்லலாம்?

பதில்: இரண்டு வழிக்கும் ஒவ்வொன்று சொல்லுங்கள். ஸ்ட்ரக்ட் வழிக்கு டிவ் ஃபங்ஷன்: 17-ஐ 5-ஆல் வகுக்கச் சொன்னால் ஈவு 3, மீதி 2 இரண்டையும் டிவ்_டி என்ற ஸ்ட்ரக்டில் வைத்துத் திருப்பும்.

பாயிண்டர் வழிக்கு ஸ்ட்ர்டோல். ஸ்டிரிங்கில் இருக்கும் எண்ணை லாங்காக மாற்றி ரிட்டர்ன் செய்யும், எண் எங்கே முடிந்தது என்பதை இரண்டாவது ஆர்குமென்டான இரட்டை நட்சத்திரப் பாயிண்டர் வழியாகச் சொல்லும். ‘600042 வேளச்சேரி’ என்ற ஸ்டிரிங்கைக் கொடுத்து, ‘முடிவு’ என்ற பாயிண்டரின் அட்ரஸை அனுப்புங்கள். 600042 கையில் வரும், ‘முடிவு’ அதற்குப் பின்னால் இருக்கும் இடைவெளியைக் காட்டும். அந்தப் பாயிண்டர் உங்கள் ஸ்டிரிங்குக்குள்ளேயே இருப்பதால் ஃப்ரீ செய்ய எதுவும் இல்லை, இதையும் சேர்த்துச் சொன்னால் எக்ஸ்டர்னல் மகிழ்ச்சி அடைவார். அடுத்து, எண்ணே இல்லாத ஸ்டிரிங் கொடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்கலாம். ரிட்டர்ன் மதிப்பு 0 என்று வருவதை வைத்துச் சொல்ல முடியாது, ஸ்டிரிங்கில் உண்மையிலேயே 0 இருந்திருக்கலாம். ‘முடிவு’ நீங்கள் அனுப்பிய தொடக்கத்துக்குச் சமமாக இருந்தால் எண் எதுவும் கிடைக்கவில்லை. லாங்கில் அடங்காத அளவுக்குப் பெரிய எண் என்றால், எர்ரர் எண்ணை வைத்திருக்கும் எர்ர்நோவில் ஈரேஞ்ச் (எல்லை மீறியது என்ற குறியீடு) இருக்கும், அதைப் பார்க்க அழைப்பதற்கு முன்பே எர்ர்நோவை 0 ஆக்கி வைத்திருக்க வேண்டும்.